வானலையின் பொதுமையும் வணிகத்தின் அவசரமும்

மலையுச்சியிலும் உயர்ந்த கட்டடங்களின் கூரைகளிலும் பொருத்தப்படும் கம்பியில்லா இணையக் கருவிகளுக்கு ஒரு விதி உண்டு. தான் இயங்கும் அலைவரிசையில் றேடாரின் துடிப்பு கேட்குமாயின், கருவி அவ்வலைவரிசையை விட்டுத் தானாகவே விலகி வேறொன்றுக்கு மாறவேண்டும் என்பதே அது. இணையச் சேவை வழங்குவோரிற் பலர் இவ்விதியை வேண்டாத் தொல்லை என்கின்றனர். இல்லாத றேடாரை இருப்பதாகக் கருதிக் கருவி மயங்குகிறது, இணைப்பு அறுந்துபோகிறது, வாடிக்கையாளர் முறையிடுகின்றனர், ஆதலால் இவ்வேற்பாட்டை நிறுத்திவைப்பதே நடைமுறை அறிவு என்பது அவர்தம் வாதம். மேலோட்டமாக நோக்குமிடத்து இது நியாயம் போலத் தோன்றும். ஆயின், இவ்விதி எதனைக் காக்க எழுந்தது, அதனை மீறியபோது யாது நிகழ்ந்தது என்பவற்றை ஆராய்வோர் இவ்வாதத்தை ஏற்கமாட்டார்.

இடிமுகிலொன்றிலிருந்து குளிர்ந்த காற்று செங்குத்தாகக் கீழிறங்கித் தரையில் மோதி நாற்றிசையும் பரவுவதுண்டு. தரையிறங்கும் விமானம் அதனுட் புகும்போது முதலில் எதிர்க்காற்றையும், சில கணங்களின் பின் பின்காற்றையும் சந்திக்கிறது. இறக்கைகளின் மேலோடும் காற்றின் வேகம் திடீரெனக் குறைய, விமானம் உயரம் இழந்து வீழ்கிறது. 1975 இல் நியூயோர்க்கில் நிகழ்ந்த விபத்தை ஆராய்ந்த சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புஜிற்றா இவ்வுண்மையை எடுத்துரைத்தார். அவரது கூற்றை ஐயுற்றோரும் இருந்தனர். 1982 யூலை 9 ஆம் நாள் நியூ ஓர்லியன்ஸ் நகரின் அருகே 153 பேரும், 1985 ஓகஸ்ட் 2 ஆம் நாள் டலஸ் விமான நிலையத்தருகே 137 பேரும் இத்தகைய காற்றினால் மாண்டனர். இவ்விழப்புகளின் விளைவாகவே ஐக்கிய அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்கள் பலவற்றின் அருகே தனிவகை வானிலை றேடார்கள் நிறுவப்பட்டன. அவை இயங்கும் மீடிறன் வீச்சு 5600 முதல் 5650 மெகாஹேர்ட்ஸ் வரையாகும்.

2003 இல் ஜெனீவாவிற் கூடிய உலக வானொலி மாநாடு 5250 முதல் 5350 வரையும், 5470 முதல் 5725 வரையுமான மெகாஹேர்ட்ஸ் வீச்சுகளைக் கம்பியில்லா வலையமைப்புகளுக்கும் திறந்துவிட்டது. வானிலை றேடாரின் வீச்சு இதனுள் அடங்கியிருந்தது. எனவேதான் நிபந்தனையுடன் அனுமதி வழங்கப்பட்டது. அலைவரிசையொன்றைப் பயன்படுத்துமுன் கருவி 60 செக்கன் செவிமடுத்தல் வேண்டும். பின்னர் றேடார் கேட்பின் 10 செக்கனுள் விலகல் வேண்டும். 30 நிமிடங்களுக்கு அவ்விடம் திரும்பலாகாது. ஏற்கெனவே குடியிருப்பவன் வீட்டில் இடங்கேட்டு வந்தவன் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை இது. அதனைப் பின்னர் தொல்லையென்பது, வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனை வெளியேறச் சொல்வதை ஒக்கும்.

“எமது கருவியின் வலு ஒரு வாற்றளவே, றேடாரின் வலுவோ 250 கிலோவாற்று. எறும்பு யானையை என் செய்யும்?” என்று கேட்போர் உளர். இவ்வினா பௌதிகம் அறியாமையின் விளைவாகும். றேடார் உரத்துக் கூவுவது உண்மை. ஆனால் அது செவிமடுப்பதோ, மழைத்துளிகளிலும் காற்றோடு அலையும் நுண்பொருள்களிலும் பட்டுச் சிதறித் திரும்பும் மிக நலிந்த எதிரொலியையாகும். அவ்வெதிரொலி போகும்போதும் வரும்போதும் தேய்ந்துவிடுகிறது. கூரைமேல் இருக்கும் கருவியின் அலையோ ஒரு வழியே கடந்து நேரே றேடாரின் அன்ரெனாவைச் சேர்கிறது. ஆகவே றேடாருக்கு அக்கருவி எறும்பன்று. காதருகே அடிக்கப்படும் பறையாகும். மறுபுறம், றேடாரின் பேரொலியைக் கேட்பது கருவிக்கு ஒப்பீட்டளவில் எளிது. எவனுக்குக் கேட்பது எளிதோ அவனே விலகவேண்டும் என்பதிலே அநீதி யாதுளது?

2009 இல் புவேர்ட்டோ றிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையத்துக்குரிய றேடாரில் இவ்விடையூறு ஆராயப்பட்டது. றேடாரின் திரையில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஆரை போன்ற ஒளிக்கீற்றுகள் தோன்றின. அக்கீற்று மறைக்கும் திசையில் மழையுளதா, கொடுங்காற்றுளதா என்பது புலப்படாது. 2010 யூலையில் அந்நாட்டு மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு உற்பத்தியாளருக்கும் சேவை வழங்குவோருக்கும் அறிவித்தல் விடுத்தது. றேடாரின் நேர்ப்பார்வையில், உயரமான இடங்களிற் பொருத்தப்பட்ட ஒருசில நிலையான கருவிகளே இடையூறுகளிற் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்று அதிற் கூறப்பட்டது. றேடாரிலிருந்து 35 கிலோமீற்றருள் இருப்போர் அதன் மீடிறனிலிருந்து 30 மெகாஹேர்ட்ஸாவது விலகியிருக்கும்படியும் கேட்கப்பட்டது. பத்தாண்டுகள் கழிந்தன. 2020 இல் அதே சான் ஹுவான் றேடாருக்கு இடையூறு விளைத்தமைக்காக மூன்று நிறுவனங்கள் மீது தலா 25,000 டொலர் தண்டம் விதிக்க அவ்வாணைக்குழு முன்மொழிந்தது. அறியாமையால் நேர்ந்த பிழையாயின் பத்தாண்டுகளில் அது திருந்தியிருக்கும்.

விதியை எதிர்ப்போர் கூறுவதில் ஓர் உண்மை உண்டென்பதை மறுத்தலாகாது. றேடாரின் துடிப்பு ஒரு செக்கனின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு அளவே நீடிப்பது. சுழலும் அன்ரெனாவின் ஒடுங்கிய கற்றை கருவியைக் கணப்பொழுதே தழுவிச் செல்கிறது. அக்கணத்திலே அயற்கருவிகளின் சிதறல் ஒலிகளிடையே றேடாரைப் பிரித்தறிதல் கடினம். கருவி தான் பேசிக்கொண்டிருக்கையில் பிறர் பேசுவதைக் கேட்கவும் இயலாது. ஆதலாற் பொய்யெச்சரிக்கைகள் எழுகின்றன. கம்பிகள் எட்டாத ஊர்களுக்கு இணையத்தைக் கொண்டு செல்வோர் இதனால் அல்லற்படுவதும் மெய்யே. ஆயின் இதிலிருந்து பெறப்படும் முடிபு யாது? கருவியின் செவி மந்தமாயின் செவியைக் கூர்மையாக்கவேண்டும். அன்றேல் றேடார் இல்லாத மீடிறனுக்குப் போகவேண்டும். 5725 மெகாஹேர்ட்ஸுக்கு மேலுள்ள வீச்சில் அமெரிக்காவில் இந்நிபந்தனை இல்லை. அங்கே நெரிசல் மிகுதி என்பதே பலர் இங்கு வருவதற்குக் காரணம். நெரிசலுக்கு அஞ்சி வருவோர், வரும் இடத்தின் நிபந்தனையையும் உடன் ஏற்கவேண்டும். அதனைவிடுத்து, கருவியின் அமைப்பில் வேறொரு நாட்டின் பெயரைத் தெரிந்து விதியிலிருந்து தப்புவது பொறியியலாகாது, ஏமாற்றேயாகும்.

எனினும் பழியனைத்தையும் கூரையேறுபவன் தலையில் ஏற்றுவதும் பொருந்தாது. ஆய்வுகூடச் சோதனையில் குறுந்துடிப்பு றேடார்களை அவ்வவ் வகையிற் பத்துக்கு ஆறு முறை கண்டறிந்தால் போதும், வகைகளின் சராசரி பத்துக்கு எட்டாகவேண்டும் என்பதே அமெரிக்க விதி. இத்தகைய காவலனைக் கண்ணை மூடி நம்பச் சொல்வது ஆள்வோரின் அசிரத்தையாகும். காவலை நிறுத்தும் வழியை வாங்குபவன் கையிலேயே விட்டுவைத்து உற்பத்தியாளர் இலாபம் ஈட்டினர். 2014 இல்தான் கருவியின் மென்பொருளைப் பிறர் மாற்றாதவாறு பாதுகாக்க வேண்டுமென்ற விதி அங்கு வந்தது. மறுவருடமே, கருவியின் முழு மென்பொருளும் பூட்டப்படுமோ என்ற அச்சம் மென்பொருளைத் தாமே எழுதிப் பயில்வோரிடை எழுந்தது. அவ்வச்சம் நியாயமானதே. பூட்டப்படவேண்டியது மீடிறனையும் வலுவையும் ஆளும் பகுதி மட்டுமே. ஏனையவற்றையும் பூட்டுவது குற்றவாளிக்குப் பதிலாக மாணவனைத் தண்டிப்பதாகும்.

கனடா தேர்ந்த வழி நேரானது. 5600 முதல் 5650 வரையான வீச்சில் இத்தகைய கருவிகள் இயங்க அங்கு அனுமதியில்லை. ஐரோப்பாவில் அவ்வீச்சுக்கு 60 செக்கனுக்குப் பதிலாக 10 நிமிடச் செவிமடுப்பு விதிக்கப்பட்டுள்ளது. ஐம்பது மெகாஹேர்ட்ஸ் இழப்பதனால் எந்த ஊரின் இணையமும் அழிந்துவிடாது. கருவி கேட்கத் தவறலாம் என்று தெரிந்த இடத்தில் அதனைக் காவலுக்கு நிறுத்துவதிலும், அவ்விடத்தை வெறுமையாக விடுவதே அறிவுடைமை.

இணைப்பு அறுந்தால் வாடிக்கையாளன் உடனே தொலைபேசியில் முறையிடுகிறான். அம்முறைப்பாடு கணக்கிற் பதிகிறது. றேடாரின் திரையிற் கொடுங்காற்று மறைந்தால், தரையிறங்கும் விமானத்திலிருக்கும் பயணி முறையிடுவதில்லை. தன்னிடமிருந்து எது மறைக்கப்பட்டது என்பதையே அவன் அறியான். முறையிடுவோர் நலனை மட்டும் எண்ணி முறையிட இயலாதோரை மறப்பதே வணிகத்தின் இயல்பு. அதனைத் தடுப்பதற்கே பொதுவிதிகள் உள்ளன. வானலையை எவரும் விலைகொடுத்து உண்டாக்கவில்லை. அது அனைவர்க்கும் பொது. தானியங்கும் கருவியொன்றைப் பொருத்திவிட்டமையால் மனிதனின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. அக்கருவியின் செவியை அடைப்பவன், தான் காணாத ஒருவனின் உயிரைப் பணயம் வைத்தே தன் வாடிக்கையாளனுக்கு வேகம் விற்கிறான்.