‘நீ’ என்று கூப்பிட வாத்தியாரே சொல்லும் நாடு

தம்மம்பட்டியில் மரச்சிற்பம் கற்றுக்கொள்கிறவருக்குப் பாடப்புத்தகம் கிடையாது. மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, உளி போகிற போக்கைப் பார்த்துப் பார்த்தே கை பழக வேண்டும். இப்படிக் கூடவே இருந்து கற்பதற்கென்றே நார்வேயில் ஒரு வகைப் பள்ளி உண்டு. தமிழில் ‘மக்கள் உயர்பள்ளி’ எனலாம். முதல் பள்ளி 1864-ல் ஹாமர் நகரில் தொடங்கியது. பரீட்சை இல்லை, மார்க் இல்லை. விடுதியில் எல்லோரும் ஒன்றாகத் தங்க வேண்டும், அவ்வளவுதான்.

நார்வேத் தமிழர்களின் கதையில் இந்தப் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-லேயே நார்வே போய்ச் சேர்ந்தவர் யாழ்ப்பாணத்து அந்தோனி ராஜேந்திரம். நார்வே உதவியோடு யாழ்ப்பாணத்தில் ‘சீநோர்’ மீன்பிடித் திட்டம் உருவாகக் காரணமானவர். அடுத்து எழுபது, எண்பதுகளில் ஈழத்து இளைஞர்கள் பலர் மாணவர் விசாவில் இந்தப் பள்ளிகளுக்குப் போனார்கள். ஊரில் உயிருக்கு உத்தரவாதம் இல்லாத காலம் அது. படிப்பு முடிந்ததும் பலரும் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே உதிக்காத இடம். விடுதியில் பாதி மொழி, மீன் வெட்டும் மேசையில் மீதி மொழி. ஆங்கிலத்தில் ஒப்பேற்ற வழியில்லாததால் வேகமாகவே வந்துவிட்டது.

இன்று போகும் மாணவருக்கு அந்த நெருக்கடி இல்லை. அதுவேதான் சிக்கல். முதுகலைப் படிப்புகள் பல ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. கடைக்காரர், பஸ் டிரைவர் எல்லோரும் நல்ல ஆங்கிலம் பேசுவார்கள். நார்வேஜிய மொழியில் தடுமாறினால், உதவி செய்வதாக நினைத்து உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள்! இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிடும். வேலை தேடும்போதுதான் மொழி எங்கே என்ற கேள்வி வரும்.

இலக்கணம் அத்தனை கடினமில்லை. யார் செய்தாலும் வினைச்சொல் மாறாது. வந்தான், வந்தாள், வந்தார்கள் என்ற தொல்லையெல்லாம் இல்லை. ‘யிஃப்ட்’ என்றால் கல்யாணமானவர் என்றும் பொருள், விஷம் என்றும் பொருள். (பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள் போல!) வட்டார வழக்குதான் ஆளைக் கவிழ்க்கும். ‘நான்’ என்பது ஓஸ்லோவில் ‘யாய்’, பெர்கனில் ‘ஏக்’, ட்ரான்ட்ஹெய்மில் ஏயும் ஆவும் கலந்த ஒற்றை ஒலி. நாடாளுமன்றத்திலும் அவரவர் ஊர்ப் பேச்சுதான்.

அதைவிடக் கஷ்டம், எல்லோருக்கும் ‘நீ’தான். ‘ஏனுங்க’, ‘வாங்க’ என்று வளர்ந்த சேலத்துப் பிள்ளை, நரைத்த தலைப் பேராசிரியரைப் பெயர் சொல்லி ‘நீ’ என்று கூப்பிட வேண்டும். ‘சார்’ போட்டால் அவர்தான் நெளிவார். மரியாதை வேறு இடங்களில் இருக்கிறது. சாப்பிட்டு எழும்போது, சமைத்தது அம்மாவாகவே இருந்தாலும் ‘சாப்பாட்டுக்கு நன்றி’. முன்பு சந்தித்தவரை மறுபடி பார்த்தால் ‘போன தடவைக்கு நன்றி’.

‘டுக்னாட்’ என்றொரு வழக்கமும் உண்டு. குடியிருப்பைச் சுத்தம் செய்ய எல்லோரும் கூலியில்லாமல் கூடுவது. நம் குடிமராமத்து மாதிரி. 2004-ல் இதை நார்வேயின் தேசியச் சொல்லாக மக்களே தேர்ந்தெடுத்தார்கள். வராதவரை யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். பேச்சுப் பழகவும் இதைவிட நல்ல இடம் இல்லை.

ஊரில் நிலத்தை அடகு வைத்து அனுப்பும் வீடுகளுக்கு ஒரு சேதி. 2023 இலையுதிர் காலம் முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் கல்விக் கட்டணம் கட்ட வேண்டும். ‘நார்வேயில் படிப்பு இலவசம்’ என்று யாராவது சொன்னால், அது பழைய கதை. இளங்கலைப் படிப்புகள் பெரும்பாலும் நார்வேஜிய மொழியில்தான். செவிலியர் வேலைக்கும் மொழித் தேர்ச்சி கட்டாயம்.

மொழி மட்டும் இன்னும் இலவசமாகக் கிடைக்கிறது. ட்ரான்ட்ஹெய்மின் என்.டி.என்.யு. பல்கலைக்கழகம் தொடக்கப் பாடங்களை இணையத்தில் காசு வாங்காமல் தருகிறது. விசா வரக் காத்திருக்கும் மாதங்களில் தம்மம்பட்டியில் உட்கார்ந்தே போனில் படித்துவிடலாம்.