தராசுக்கு முத்திரை உண்டா?



நம் கோவில்பட்டியில் கடலை மிட்டாயை நிறுத்துத் தருகிற தராசுக்குக்கூட அரசு முத்திரை வேண்டும் என்பது சட்டம். நோயை ஆராய்கிறவர்களின் தராசை யார் சோதிக்கிறார்கள்? இன்றைய என் கேள்வி இதுதான்.

கரிசல் கிராமங்களிலும் இப்போது சர்க்கரை நோய் சாதாரணமாகிவிட்டது. இன்சுலின் வந்து செல்லைத் தொட்டதும், செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். உள்ளே சேதி போகும். அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிச் சேதியை நிறுத்துவது பிடிபி1பி என்ற நொதி. பாஸ்படேஸ் வகையைச் சேர்ந்தது. 1999-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் இந்த நொதியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. கொழுப்புத் தீனி தின்றும் அவை மற்ற எலிகளைப் போல எடை போடவில்லை. அன்றிலிருந்து உலகமே இந்த நொதியின் பின்னால் ஓடுகிறது.

திசுவில் இந்த நொதி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆன்டிபாடிதான் முக்கியக் கருவி. முயலுக்கு அந்தப் புரதத்தை ஊசியில் செலுத்தினால், அதைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம் முயலின் ரத்தத்தில் உருவாகும். அதுதான் ஆன்டிபாடி. சோதனையில் அது நொதியைப் பிடித்த இடத்தில் ஒரு கோடு விழும். கோடு தடித்தால் நொதி அதிகம் என்று கணக்கு.

சிக்கலும் இங்கேதான். டிசி-பிடிபி என்று இதற்கு உடன்பிறப்பு மாதிரி இன்னொரு நொதி உண்டு. ஆன்டிபாடி ஆள் மாறிப் பிடித்தாலும் கோடு விழும், கட்டுரையும் வெளிவந்துவிடும். 2015-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள், ஆன்டிபாடிகளுக்குத் தரக்கட்டுப்பாடு வேண்டும் என்று 'நேச்சர்' இதழில் கையெழுத்திட்டுக் கேட்டார்கள்.

சோதிக்க வழி இருக்கிறது. நொதியே இல்லாத சுண்டெலியின் திசுவில் அதே ஆன்டிபாடியை விட்டுப் பார்க்க வேண்டும். அங்கேயும் அதே கோடு விழுந்தால் அது பொய்த் தராசு. நம் ஊர்க் கல்லூரிகளுக்கு இதற்கு ஏது காசு என்பார்கள். தப்பான ஆன்டிபாடியை நம்பி ஒரு மாணவர் மூன்று வருடத்தைத் தொலைப்பதைவிட இது குறைந்த செலவுதான். முனைவர் பட்ட வழிகாட்டிகள் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

நமக்கும் இதில் பாடம் உண்டு. இத்தனை ஆண்டு முயன்றும் இந்த நொதியைத் தடுக்கும் சர்க்கரை மாத்திரை ஒன்றுகூட இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை. அப்படியிருக்க, "ஆய்வில் நிரூபணமானது" என்று வாட்ஸ்அப்பில் வருகிற பொடியை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள்.