பலகணி ஓரம்: மைதானம் ஊரை விட்டுப் போனால்



சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, கிர்க்கியில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பெரியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டார். "தம்பி, பேரன் கிரிக்கெட் ஆட்டத்தை நேரிலே பார்க்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கஹுஞ்சேக்கு எந்த வண்டியில் போவது? நீதான் இரயில்வேயில் இருக்கிறாயே, சொல்லு" என்றார்.

நாள்தோறும் பலகணியின் பின்னால் அமர்ந்து நாட்டின் நாற்றிசைக்கும் சீட்டுக் கொடுக்கும் எனக்கு, நம் புனே நகரத்து மைதானத்துக்கு வழி கேட்டவருக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலவில்லை. "பேக்டேவாடி வரை லோக்கல் வண்டி உண்டு, ஐயா. அதற்கப்பால் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஆட்டம் முடிந்து இரவில் திரும்புவதுதான் யோசனையாக இருக்கிறது" என்றேன். "அப்படியானால் டெலிவிஷனிலேயே பார்க்கச் சொல்லிவிடுகிறேன்" என்று சிரித்தவாறே அவர் நடந்துவிட்டார். அந்தச் சிரிப்பு என் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

முன்னாளில் நம் ஊரின் பெரிய ஆட்டங்கள் ஸ்வார்கேட்டுக்கு அருகிலுள்ள நேரு மைதானத்தில் நடைபெற்றன. அது மாநகராட்சியின் உடைமை. பக்கத்திலேயே பேருந்து நிலையம். பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் நடந்தே உள்ளே செல்லலாம். 1996 பிப்ரவரி 29-ஆம் நாள், உலகக் கோப்பைப் போட்டியில் கென்யா நாட்டினர் மேற்கிந்தியத் தீவினரை வென்று உலகையே வியக்க வைத்தது இந்த மைதானத்தில்தான்.

பின்னர் மகாராஷ்டிரக் கிரிக்கெட் சங்கத்துக்கும் மாநகராட்சிக்கும் இடையே நுழைவுச் சீட்டுகளைப் பங்கிடுவது பற்றிப் பூசல் எழுந்தது. சங்கம் தனக்கென ஓர் அரங்கம் கட்ட முனைந்தது. மும்பை விரைவுச் சாலையின் ஓரத்தில், கஹுஞ்சே கிராமத்தில் எழுந்த அவ்வரங்கம் 2012 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 40,000 பேர் அமரக்கூடிய அழகிய கட்டிடம் அது, அதில் ஐயமில்லை. ஆனால் ஸ்வார்கேட்டிலிருந்து அது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

இதே போன்ற பூசல் மும்பையிலும் முன்னர் நிகழ்ந்ததுண்டு. பிரபோர்ன் மைதானத்தை உடைய கிளப்புக்கும் பம்பாய்க் கிரிக்கெட் சங்கத்துக்கும் இருக்கைப் பங்கீட்டில் மனக்கசப்பு ஏற்பட்டு, வான்கடே மைதானம் கட்டப்பட்டது. 1975 ஜனவரியில் அங்கே முதல் டெஸ்ட் ஆட்டம் நடைபெற்றது. அங்கும் மைதானம் இடம் மாறியது. ஆனால் மாறிய தூரம் ஒரு மைல்கூட இல்லை. புதிய அரங்கமோ சர்ச்கேட் இரயில் நிலையத்துக்கு அருகே, தண்டவாளத்தை ஒட்டியே அமைந்தது. விராரிலிருந்து வரும் தொழிலாளியும் ஒரே வண்டியில் வந்து ஆட்டம் பார்த்துத் திரும்பலாம். பூசல் ஒன்றேதான், விளைவில்தான் எத்துணை வேற்றுமை!

நிற்க. "சங்கம் கடன் வாங்கித் தன் பணத்தில் கட்டியது, பொதுமக்களுக்கு இதில் என்ன வழக்கு?" என்று சிலர் வினவக்கூடும். கட்டிடம் சங்கத்தினுடையதாகலாம். ஆனால் அதைச் சுற்றியுள்ள சாலை யாருடையது? ஆட்ட நாளில் நிற்கும் காவலர்கள் யாருடைய ஊதியத்தில் நிற்கிறார்கள்? ஆடுகளத்துக்குத் தெளிக்கும் தண்ணீர் எந்த ஆற்றினது?

2016-இல் கடும் வறட்சி நிலவியபோது, ஏப்ரல் 30-க்குப் பின் நடக்கவிருந்த ஐ.பி.எல். ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே மாற்றும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் பணித்தது. 2018 ஏப்ரலில், பவனா ஆற்று நீரைக் கஹுஞ்சே அரங்குக்கு எடுக்கலாகாது என்று அதே நீதிமன்றம் தடை விதித்தது. கிரிக்கெட் ஆட்டங்களுக்கான காவல் கட்டணத்தை மாநில அரசு 2023-இல் குறைத்தது. அக்குறைப்பை 2011 முதலே செல்லுமாறு பின்தேதியிட்டும் கொடுத்தது. அது ஏன் என்று 2024-இல் நீதிமன்றம் வினவியது. ஆகவே, நுழைவுச் சீட்டு வாங்காத குடும்பமும் ஏதோ ஒரு வகையில் பணம் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

நம்மவர்க்கு இவ்வரங்கத்தோடு மற்றோர் உறவும் உண்டு. 2018-இல் காவிரிப் போராட்டத்தின் காரணமாகச் சென்னை அணியின் ஆட்டங்கள் இங்கு மாற்றப்பட்டன. ஏப்ரல் 19 அன்று சென்னையிலிருந்து இரசிகர்களுக்கென்றே ஒரு தனி இரயில் புறப்பட்டு, சுமார் ஆயிரம் பேரைப் புனேக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மஞ்சள் உடையும் தமிழ்ப் பேச்சுமாக அவர்கள் வந்திறங்கியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை இரயில் கடந்துவிட்டது. எஞ்சிய சிறு தொலைவை அதனால் கடக்க முடியவில்லை. அதற்குச் சாலையைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 40,000 பேரில் கால் பங்கினர், அதாவது 10,000 பேர், பொது வண்டியில் வருவதாகக் கொள்வோம். பேருந்துக்கு 50 பேர் என்றால் 200 பேருந்துகள் வேண்டும். ஒரு மின்சார வண்டியில் 2,000 பேர் ஏறுவார்கள் என்றால் ஐந்தே வண்டிகள் போதும். மற்றவர் காரில் வருவர். கார் இல்லாதவர் வரமாட்டார். கார் இல்லாதவர் யார்? பெரும்பாலும் தொழிற்சாலையிலும் டெப்போவிலும் உழைக்கும் நம்மைப் போன்றோர்; அவர்களிலும் முதியோர், பெண்கள், சிறுவர்.

மைதானத்தை எங்கும் மாற்றக்கூடாது என்று நான் கூறவில்லை. ஊர் வளர்கிறது, இடம் போதவில்லை. ஆனால் எந்த நகரிலும் இத்தகைய திட்டம் வரும்போது குடிமக்கள் மூன்று வினாக்களைக் கேட்டாக வேண்டும். முதலாவது, கட்டிடத்துக்கு வெளியே ஆகும் செலவு எவ்வளவு, அதைத் தருவோர் யார்? இரண்டாவது, தண்ணீர் எங்கிருந்து வரும்? மூன்றாவது, ஆட்டம் முடிந்த நள்ளிரவில் ஒரு குடும்பம் எவ்வண்டியில் வீடு திரும்பும்? நிலத்தை அளக்கும் முன்பே இவற்றிற்கு எழுத்தில் விடை பெற வேண்டும். கட்டிடம் எழுந்தபின் கேட்பது, வண்டி புறப்பட்டபின் சீட்டுக்கு வரிசையில் நிற்பதை ஒக்கும்.

கஹுஞ்சேயைப் பொறுத்தவரை அரங்கை இனித் திருப்பி எடுத்துவர இயலாது. ஆயினும் ஆட்ட நாள்களில் லோணாவளா மார்க்கத்தில் இரவு நேரத் தனி வண்டியும், நிலையத்திலிருந்து அரங்கு வரை இணைப்புப் பேருந்தும் வேண்டுமென்று நம் சங்கத்தின் சார்பில் மனு எழுதலாம் என்பது என் கருத்து. மராத்தி அன்பர்களின் சங்கங்களையும் உடன் சேர்த்துக்கொண்டால் மனுவுக்கு வலிமை கூடும். அடுத்த கூட்டத்தில் இதனை முன்வைக்க எண்ணியுள்ளேன். அன்பர்கள் தவறாது வருக.

பெரியவருக்கு நான் தரவேண்டிய விடை இன்னும் கடனாகவே நிற்கிறது.