கிழித்த தாளில் முளைக்குமா அமைதி?

கப்பலூர்த் தோழர்களைக் கேட்கிறோம். ஆலையிலே வேலைநிறுத்தம். கூலி கேட்டான் தொழிலாளி. கதவை அடைத்தார் முதலாளி. நாட்கள் நகர்ந்தன, அடுப்பு அணைந்தது, பிள்ளை பசியால் துடித்தது. தோற்றுப்போய்த் தலைகுனிந்து உள்ளே நுழைந்தான் தொழிலாளி. மறுநாள் முதலாளி சொல்கிறார், "பாரீர், ஆலையிலே அமைதி நிலவுகிறது!" என்று. ஒப்புவீர்களா? "நீர் கையெழுத்திட்டுத் தந்த ஒப்பந்தம் என்னவாயிற்று?" என்றுதானே கேட்பீர்கள்!

அந்தக் கேள்வியைத்தான் கடலுக்கு அப்பால் நோக்கி நாம் கேட்கிறோம்.

2009 மே திங்களில் முள்ளிவாய்க்காலிலே ஓய்ந்தது துப்பாக்கி. போர் முடிந்தது, அமைதி பிறந்தது என்று கொழும்பிலே கொண்டாட்டம்! அந்தப் போரின் கடைசிக் கட்டத்திலே மாண்ட குடிமக்கள் நாற்பதாயிரம் பேர்வரை இருக்கக்கூடும் என்று 2011-இல் ஐக்கிய நாடுகள் வல்லுநர் குழு எழுதியது. சுடுகாட்டிலும்தான் சத்தமில்லை. அதை அமைதி என்று யாரும் அழைப்பதில்லை.

"பழையதைக் கிளறாதீர்" என்று உபதேசம் செய்வோர் உண்டு. அந்தப் போர் என்ன, வானத்திலிருந்து குதித்ததா? இல்லை, தோழர்களே! கிழிக்கப்பட்ட தாள்களிலிருந்து பிறந்தது.

1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அறவழியிலே போராடினார் தந்தை செல்வா. 1957 சூலையில் அவரோடு ஒப்பந்தம் செய்தார் பிரதமர் பண்டாரநாயக்கா. 1958 ஏப்ரலில் பிக்குகள் அவர் வீட்டு வாசலிலே வந்தமர்ந்தார்கள், கிழிந்தது ஒப்பந்தம். அடுத்த மாதமே ஓடியது தமிழன் குருதி! 1965-இல் டட்லி சேனநாயக்கா இன்னொரு ஒப்பந்தம் தந்தார். மாவட்ட சபை தருகிறேன் என்றார், தரவில்லை. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. சாம்பலான நூல்கள் ஏறத்தாழ 97,000. 1983 சூலையிலே மனிதர்களே எரிந்தார்கள். சொல் பொய்த்த இடத்திலே துப்பாக்கி முளைத்தது. இதுதான் வரலாறு.

1987 சூலை 29-இல் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் கையெழுத்திட்டார்கள். பதின்மூன்றாம் திருத்தம் வந்தது. மாகாண சபை வந்தது. நிலமும் காவல்துறையும் ஏட்டிலே மாகாணத்துக்கு, நடப்பிலே கொழும்புக்கு! இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் 2006-இல் நீதிமன்றத் தீர்ப்புப் பிரித்தது. வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. 2025-ஆம் ஆண்டு முடிந்தபோதும் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. தாளைக் கிழிப்பது ஒரு வகை. பெட்டியிலே பூட்டி வைப்பது மற்றொரு வகை.

வட அயர்லாந்தைப் பாருங்கள். முப்பதாண்டுக் குருதிக்குப் பிறகு 1998-இல் உடன்பாடு கண்டார்கள். இரு தரப்புக்கும் ஆட்சியிலே பங்கு என்று எழுதினார்கள். சண்டை சச்சரவு வந்தது, ஆட்சி பலமுறை முடங்கியது. என்றாலும் அந்தத் தாளை அவர்கள் கிழிக்கவில்லை. நிலைத்தது அமைதி.

நாம் யார் தெரியுமா? மதுரைச் சீமைக்காரர்கள். ஒற்றைச் சிலம்போடு அரசவைக்கே சென்று ஒருத்தி நீதி கேட்ட மண் இது. தவறென்று தெரிந்ததும் உயிரையே விட்டான் பாண்டியன். கிளிநொச்சியிலே 2017 பிப்ரவரியில் தாய்மார்கள் தெருவோரம் அமர்ந்தார்கள், காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தியபடி. "என் மகன் எங்கே?" என்ற அந்த ஒற்றைக் கேள்விக்கு விடை கிடைக்காமலே கண்மூடிய தாய்மார் பலர். 2025-இல் செம்மணி மண்ணைத் தோண்டினார்கள்; இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எழுந்து வந்தன. பழையதைக் கிளற வேண்டாமாம்! மண்ணே கிளறித் தருகிறதே, என்ன செய்வது?

சிங்களத் தொழிலாளி நமக்குப் பகைவன் அல்லன். 1971-இலும், 1987 முதல் 1989 வரையிலும் கொன்று குவிக்கப்பட்டவர்கள் சிங்கள இளைஞர்கள்தாம். அங்கேயும் தாய்மார் தேடுகிறார்கள். 1990 அக்டோபரில் வடக்கைவிட்டு விரட்டப்பட்ட முசுலிம் மக்களின் துயரையும் நாம் மறைக்கமாட்டோம், விரட்டியவர்கள் புலிகள். நமக்கொரு நீதி, பிறர்க்கொரு நீதி என்றால் அது நீதியாகாது.

2024-இல் குடியரசுத் தலைவரானார் அனுரகுமார திசாநாயக்கா. அவர் கட்சியே தன் இளைஞர்களைப் பறிகொடுத்த கட்சி. அவ்வாண்டு நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றை அவர் அணிக்குத் தந்தார்கள் தமிழர்கள். அறுபதாண்டுக்கு மேல் ஏமாந்தவன் மீண்டும் ஒருமுறை நம்பினான். அந்த நம்பிக்கைக்கு விலை என்ன? மாகாணத்துக்கு அதிகாரம், மக்களுக்கு அவர்தம் நிலம், தாய்க்கு உண்மை. இம்மூன்றும்தான்!

இதையெல்லாம் கப்பலூரிலே ஏன் பேசுகிறோம் என்று கேட்பாருண்டு. கப்பலூருக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது உச்சப்பட்டி முகாம். 1983 முதல் அலையலையாய் வந்த நம்மவர்கள் அத்தகைய முகாம்களிலேதான் வளர்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள். 2021-இல் தமிழ்நாட்டரசு 'அகதி முகாம்' என்ற பெயரை மாற்றி 'மறுவாழ்வு முகாம்' என்றது. 7,469 வீடுகள் கட்டித்தர முன்வந்தது. நன்று! ஆனால் 2019-இல் டில்லி திருத்திய குடியுரிமைச் சட்டத்திலே பாகிசுதானுக்கு இடமுண்டு, வங்கதேசத்துக்கு இடமுண்டு, ஆப்கானிசுதானுக்கு இடமுண்டு. ஈழத்தமிழனுக்கு? இல்லை! திரும்ப விரும்புவோர்க்குப் பாதுகாப்பான ஊர், தங்க விரும்புவோர்க்குக் குடியுரிமை. இதை டில்லியின் காதிலே விழும்வரை சொல்வது நம் வேலை.

தோழர்களே, ஆலையிலே ஒப்பந்தம் மீறப்பட்டால் வாசலிலே நிற்பவர்கள் நீங்கள். அந்த வாசல் கொஞ்சம் அகலமானது. அதன் மறுகோடி கிளிநொச்சியிலே இருக்கிறது. தந்த சொல்லைக் காப்பாற்று என்ற குரல் இங்கிருந்தும் எழட்டும்!