கடல் மீனுக்குக் கம்பத்தில் என்ன வேலை?

சென்ற கோடை விடுமுறையில், கம்பத்தில் என் மாமா வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கண்டேன். உள்ளே விரல் நீளத்தில், நீல உடலில் கருங்கோடு ஓடிய மீன் ஒன்று துள்ளித் திரிந்தது. மற்ற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று துப்புரவு செய்யும் ‘ராஸ்’ இனத்து மீன் அது. மன்னார் வளைகுடாப் பவளப் பாறைகளிலும் வாழ்வது.

“மாப்ளே, பத்து நாள் வெளியூர் போறேன். நீ விலங்கியல் படிக்கிறவன், பார்த்துக்கோ” என்றார் மாமா. பெருமையோடு தலையசைத்தேன்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வெயிலில் தொட்டி நீர் வற்ற வற்ற, நான் உப்புநீரையே கரைத்து ஊற்றினேன். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அன்று என்பதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தொட்டியருகே நினைவு வரவில்லை! போட்ட தீனியையும் மீன் தொடவில்லை. பாறையில் அதனிடம் நாளெல்லாம் மீன்கள் வரிசையாக வந்து நிற்கும். தொட்டியிலோ துணைக்கு இரண்டே மீன்கள். நோயாளி இல்லாத ஊரில் வைத்தியர் பட்டினி கிடந்தார். எட்டாம் நாள் காலை மிதந்தது. திரும்பி வந்த மாமா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

இம்மீன் எளிய உயிரன்று. கூட்டத்தின் ஆண் இறந்தால், பெரிய பெண் மீனே ஆணாக மாறும். கண்ணாடியில் தன்னைத்தானே அடையாளம் காணும் அறிகுறிகளை இது காட்டியதாக 2019-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

‘கடல் காணாத பிள்ளைகளுக்கு இது பாடமல்லவா?’ என நண்பர்கள் கேட்கலாம். பாடம்தான், ஆனால் அதற்குக் கட்டணம் கட்டுவது மீன். இவை பெரும்பாலும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. இவற்றை இழந்த பாறையில் மற்ற மீன்களும் குறைகின்றன. உப்புத்தொட்டிதான் வேண்டுமெனில், பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் இருக்கிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைக் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறது.

பெரியாற்று நீர் 1895 முதல் நம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையோடு கலந்து ஓடுகிறது. நம் ஆற்று அயிரையும் கெண்டையும் நம் தொட்டிக்குப் போதாவா? ராஸ் மீனின் வீடு, 1986-இல் தேசியப் பூங்காவான 21 தீவுகளின் கடல். அடுத்த ஆண்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு மண்டபத்தைத் தேர்ந்தெடுக்குமாறு பேராசிரியர்களை வேண்டுகிறேன்.

மாமாவின் தொட்டியில் இப்போது அயிரைகள் ஓடுகின்றன. மீந்த உப்புப் பை மட்டும் கூடத்து மூலையில் கிடக்கிறது.