வயிற்றுப் பிள்ளைக்கு நன்னடத்தைச் சான்றிதழா?

"காசு குடுத்துப் பழக்கினா, நாளைக்கு இன்னும் நாலு பொண்ணுங்க இதே மாதிரி வந்து நிப்பாங்க."

கல்யாணமாகாத இளம்பெண் ஒருத்தி கர்ப்பிணி என்று அங்கன்வாடியில் பெயர் பதிய வந்தாள் என்ற சேதி கசிந்தால் போதும், அந்தமானில் உடனே வந்து விழும் தீர்ப்பு இதுதான். அபர்தீன் பஜாரிலும் சொல்வார்கள், ரங்கத்திலும் சொல்வார்கள், டிக்லிபூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரும் சொல்வார். சொல்கிறவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. பெண் பிள்ளைகளைப் பெற்று, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வளர்ப்பவர்கள்தான் பெரும்பாலும். அதனாலேயே இந்தப் பேச்சுக்கு ஊரில் மரியாதை இருக்கிறது. அந்த மரியாதைக்கு அது தகுதியானதா என்று பார்த்துவிடுவோம்.

முதலில் பணம் எவ்வளவு? பிரதம மந்திரி மாத்ரு வந்தனா யோஜனாவில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். கர்ப்பத்தைப் பதிந்து, ஒரு முறையாவது பரிசோதனை செய்துகொண்ட பிறகு 3,000. குழந்தை பிறந்து, பிறப்பைப் பதிவு செய்து, முதல் சுற்றுத் தடுப்பூசி போட்ட பிறகு 2,000. இதோடு, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர் அரசு மருத்துவமனையில் பிரசவித்தால் ஜனனி சுரக்ஷா யோஜனாவில் நம் தீவுகள் போன்ற பகுதிகளில் கிராமமானால் 700, நகரமானால் 600. அவ்வளவுதான். 5,000 ரூபாயைக் கர்ப்பகாலத்தின் 280 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்குப் 18 ரூபாய் வராது. காய்கறிகூடக் கப்பலில் வந்திறங்கும் ஊரில் அந்தக் காசுக்கு ஓர் இளநீர் கிடைக்காது.

இந்தப் பணத்துக்கு ஆசைப்பட்டு ஒருத்தி கருவுற்று, வாந்தியும் மயக்கமுமாக மாதங்களைத் தள்ளி, வீட்டில் அடியும் வெளியில் ஏச்சும் வாங்கி, பிரசவ வலியும் பட்டு, அதன் பிறகு ஒரு குழந்தையை 18 வருஷம் வளர்ப்பாள் என்று நம்ப முடிகிறதா? நம்புகிறவர் பிள்ளை பெற்றவராக இருக்க முடியாது. பெற்றவளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவராகவும் இருக்க முடியாது.

பணம் கொடுத்தால் பிள்ளை பெருகும் என்பதைச் சோதித்துப் பார்க்க நமக்குத் தமிழ்நாடே போதும். அங்கே 1987-இல் 300 ரூபாயில் மகப்பேறு உதவி தொடங்கியது. பிறகு அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 2006-இல் 6,000 ஆயிற்று, 2011-இல் 12,000, 2018-இல் 18,000. முப்பது வருஷத்தில் அறுபது மடங்கு. அந்தப் பேச்சு உண்மையானால் தமிழ்நாட்டில் கால் வைக்க இடம் இருந்திருக்கக் கூடாது. நடந்தது என்ன? ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை இரண்டுக்கு மேலிருந்து சரிந்து, 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் 1.4-க்கு வந்து நின்றது. பிள்ளை பெறுவதும் பெறாததும் படிப்பு, வேலை, கருத்தடை, கல்யாண வயது ஆகியவற்றோடு போகிற காரியம். உதவித்தொகை பிறந்த பிள்ளை பிழைப்பதற்கானது.

வெளிநாட்டில் இது நிஜம் என்று படித்தவர்கள் வாதாடுவதும் உண்டு. அந்தப் பயம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சரக்குதான், ஆனால் அங்கேயே விலைபோகாத சரக்கு. 1992-இல் பிரிட்டனின் சமூகப் பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் லில்லி, வீட்டு வரிசையில் முந்துவதற்காகவே கர்ப்பமாகும் இளம்பெண்கள் என்று கட்சி மாநாட்டு மேடையில் பாட்டாகவே பாடிக் கைதட்டல் வாங்கினார். அதே நாட்டில் 1999-இல் பாலியல் கல்வி, எளிதில் கிடைக்கும் கருத்தடை, இளம் பெற்றோருக்கு ஆதரவு என்று வேறு வழியில் இறங்கினார்கள். அடுத்த இருபது ஆண்டுக்குள் இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டோர் கருவுறும் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அமெரிக்காவில் 1976 தேர்தல் பிரசாரத்தில் ரொனால்ட் ரீகன் சிகாகோவில் அரசுப் பணத்தைச் சுருட்டிய ஒரு பெண்ணின் கதையை ஊர் ஊராகச் சொன்னார். அவள் ஒரு மோசடிக்காரி, உண்மைதான். ஆனால் அந்த ஒருத்தியின் முகத்தை லட்சக்கணக்கான ஏழைத் தாய்மார்களுக்கு ஒட்டிவிட்டார்கள். எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை அங்கே உதவித்தொகையின் உண்மை மதிப்பு தேய்ந்துகொண்டே வந்தது. திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகளின் பங்கோ ஏறிக்கொண்டே போனது. காசுக்காகப் பெறுகிறார்கள் என்றால், காசு குறையக் குறைய ஏன் அதிகம் பெற்றார்கள்? இதற்கு அப்படி வாதாடுகிறவர்களிடம் பதில் இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், நான்காம் பிரிவு. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு. அத்துடன் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவி. ஏற்கெனவே அரசு வேலையில் மகப்பேறு சலுகை பெறுகிறவர்கள் போன்றோரைத் தவிர எல்லாருக்கும். இதில் 'மணமான' என்ற சொல்லே கிடையாது. நாடாளுமன்றம் தாலியைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தது. தாலியைப் பார்த்தது படிவம்தான். 2017-இல் மாத்ரு வந்தனா திட்டம் தொடங்கியபோது கணவனின் ஆதாரும் சம்மதமும் கேட்டார்கள். கைவிடப்பட்டவளும் கல்யாணமாகாதவளும் அந்த ஒரு கட்டத்தைத் தாண்ட முடியாமல் நின்றார்கள். 2022-இல் வந்த மிஷன் சக்தி வழிகாட்டு நெறிமுறைகள் தனித்த தாய்மாரை மனத்தில் வைத்து அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. எடுத்தது தில்லி. உள்ளூர் மேசைகளில் "வீட்டுக்காரர் பேர் என்ன?" என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளை என்று மட்டும் எண்ணத் தெரிந்த கணக்கு என்ன செய்யும் என்பதை நம் தீவுகள் ஒருமுறை பார்த்திருக்கின்றன. நிக்கோபாரியரிடம் துஹெத் என்ற பெருங்கூட்டுக் குடும்பம் உண்டு. தென்னந்தோப்பும் பன்றிகளும் அதற்குப் பொது. சுனாமிக்குப் பிறகு நிவாரணம் அந்தக் கூட்டுக்கு வரவில்லை. தனித்தனிக் குடும்பமாகப் பிரித்து, குடும்பத் தலைவன் பெயரில் வந்தது. பணத்தோடு பிளவும் வந்தது. உதவி செய்ய வந்த கை உறவை அறுத்துவிட்டுப் போயிற்று.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். இலவசத்தைப் பற்றிப் பேச அந்தமான்காரர்களாகிய நமக்கு வாய் இருக்கிறதா? போர்ட் பிளேரிலிருந்து கப்பல் ஏறும்போது ஐலேண்டர் கார்டைக் காட்டிக் குறைந்த கட்டணம் கொடுக்கிறோம். மெயின்லேண்டிலிருந்து டீசல் வரவழைத்து எரித்து எடுக்கும் மின்சாரத்தை உற்பத்திச் செலவை விடப் பல மடங்கு குறைந்த விலைக்கு வாங்குகிறோம். அரசு ஊழியருக்குத் தீவுச் சிறப்புப் பணிப் படி. தீவின் வரவுசெலவில் பெரும்பகுதி தில்லியின் பணம். 1949 முதல் கிழக்குப் பாகிஸ்தான் அகதிகளைக் கொண்டுவந்து ஏக்கர் கணக்கில் நிலமும் கடனும் கொடுத்துக் குடியேற்றினார்கள். சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தால் நாடு திரும்பிய மலையகத் தமிழரில் சிலரைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் அரசே வேலை கொடுத்து வைத்தது. இவர்களில் யாரையும் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது, சொல்லவும் கூடாது. கடல் நடுவில் மனிதர் வாழ வேண்டுமானால் அரசு தோள் கொடுத்தாக வேண்டும். அதை உரிமை என்கிறோம், சரியாகவே சொல்கிறோம். அப்படியானால் நாளுக்குப் 18 ரூபாய் மட்டும் எப்படிப் பிச்சையாகிவிடுகிறது?

ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதானால் இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்திறங்கி இங்கே கைதிக் குடியிருப்பைத் தொடங்கினார். பிறகு பெண் கைதிகளும் கொண்டுவரப்பட்டார்கள். தண்டனையில் குறிப்பிட்ட காலம் கழித்தவர்களை வரிசையில் நிறுத்தி, பார்த்துத் தேர்ந்துகொள்ள விட்டு, நிர்வாகமே இணை சேர்த்தது. ஜாதியும் குலமும் கேட்காத அந்தக் கல்யாணங்களில் பிறந்தவர்களின் வழிவந்தோர்தான் இங்கே லோக்கல் பார்ன் என்று பெருமையோடு தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். 'மினி இந்தியா' என்று மேடையில் கைதட்டுகிறோம். அப்படிப்பட்ட மண்ணில், பிறக்கப்போகும் ஒரு குழந்தையின் கஞ்சிக்குக் கல்யாணச் சான்றிதழ் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

ஊர்ப் பேச்சு வெறும் பேச்சாகப் போய்விட்டால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அது உடம்பில் காயம் உண்டாக்குகிறது. ஏச்சுக்குப் பயந்த பெண் கர்ப்பத்தைப் பதிய மாட்டாள். பதியாவிட்டால் தாய்-சேய் அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனை இல்லை, இரும்புச் சத்து மாத்திரை இல்லை, ரத்த அழுத்தம் பார்க்க ஆளில்லை. இளவயதில் முதல் பிரசவத்துக்குப் போகிறவளுக்கு வரக்கூடிய இரண்டு பெரிய ஆபத்துகள் ரத்தசோகையும் உயர் ரத்த அழுத்தமும். இரண்டையும் துணை சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் கண்டுபிடித்துவிட முடியும், பெண் வந்தால். மெயின்லேண்டில் கடைசி நேரத்தில் ஆம்புலன்ஸ் பிடித்தாவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். இங்கே சிக்கல் முற்றினால் எல்லாருக்கும் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான். கேம்ப்பெல் பேயிலிருந்தோ ஹட் பேயிலிருந்தோ கப்பலும் ஹெலிகாப்டரும் கடலும் காற்றும் ஒத்துழைத்தால்தான் அங்கே வந்து சேர முடியும். ஏழாம் மாதம் வரை துப்பட்டாவுக்குள் வயிற்றை மறைத்தவளுக்குத் தீவு மன்னிப்புத் தராது.

18 வயது நிரம்பாதவள் என்றால் கதை இன்னும் இறுகுகிறது. போக்சோ சட்டப்படி அவளுடைய கர்ப்பமே குற்றத்தின் அடையாளம். அவள் சம்மதித்தாளா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. தெரியவந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சிறுமிகளைக் காக்க அந்தச் சட்டம் தேவைதான், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பயத்திலேயே அவளை வீட்டுக்குள் பூட்டி வைக்கிறார்கள் என்பதும் உண்மை. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில், கருக்கலைப்பு நாடி வரும் சிறுமியின் பெயரை மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று ஒரு கதவைத் திறந்தது. பிள்ளையைப் பெற்றாக வேண்டிய நிலைக்கு வந்துவிட்டவளுக்கு? மாத்ரு வந்தனாவில் 18 வயது 7 மாதம் ஆகியிருக்க வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள தமிழ்நாட்டுத் திட்டமும் 19 வயதுக்குக் கீழே இறங்காது. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கியவர் அவர் என்பதை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. குழந்தைத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். பணத்தை நிறுத்தியதால் எந்தக் குழந்தைத் திருமணமும் நின்றதில்லை. சாப்பாடுதான் நின்றது. ஜனனி சுரக்ஷாவில் 2013-இலேயே வயது நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், அதனால் வானம் இடிந்து விழவில்லை. பாலியல் வன்முறையால் கருவுற்று வீட்டாரும் கைவிட்ட சிறுமிகளுக்கு உறைவிடமும் உணவும் சட்ட உதவியும் தர 2023-இல் நிர்பயா நிதியிலிருந்து 74.10 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வந்தது. அரசுக்கே இப்போது புரிகிறது. ஊருக்குத்தான் இன்னும் நாளாகும் போலிருக்கிறது.

இவ்வளவு பேச்சிலும் ஒரு ஆளைக் காணோம், கவனித்தீர்களா? அந்தப் பிள்ளைக்கு அப்பன் ஒருவன் இருக்கிறான். கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போயிருக்கலாம், ஜெட்டி பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டும் இருக்கலாம். அவனை யாரும் ஓசியில் வாழ்கிறவன் என்று சொல்வதில்லை. முறையான மணத்தில் பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் குழந்தைக்கு ஜீவனாம்சம் கொடுக்கத் தகப்பன் கடமைப்பட்டவன் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அரசுப் பணம் வீணாகிறது என்று கவலைப்படுகிறவர்கள் அவனிடம் போய்க் கேட்கலாமே. கேட்க மாட்டார்கள்.

"பெத்துப் போட்டுட்டுக் குழந்தையை யாருக்காவது குடுத்துடு, உன் வாழ்க்கையைப் பாரு" என்று ஆலோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவளே அதை விரும்பினால் குழந்தைகள் நலக் குழு வழியாகச் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாற இரண்டு மாத அவகாசமும் உண்டு. ஆனால் வளர்க்க விரும்புகிறவளை ஒப்படைக்கச் சொல்லி நெருக்குவது வேறு. தாயிடமிருந்து பிரித்த குழந்தையை வளர்க்க அரசு செலவழித்தால் அதைப் புண்ணியம் என்கிறோம். அதே குழந்தையைத் தாயே வளர்க்க அதில் ஒரு துளி கொடுத்தால் தப்புக்குத் துணை என்கிறோம். 2015 ஜூலையில், மணமாகாத தாய் தகப்பன் பெயரைச் சொல்லாமலேயே தன் குழந்தைக்குப் பாதுகாவலராகலாம், அவளுடைய பிரமாணப் பத்திரத்தை வைத்துப் பிறப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மாத்ரு வந்தனாவின் இரண்டாம் தவணைக்குத் தேவையான பிறப்புப் பதிவு அவளுக்குக் கிடைக்காது என்று யாராவது சொன்னால் அது பொய்.

அரசுத் திட்டங்களிலேயே ஓட்டை இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு உரிய குழந்தைகளின் பட்டியலில் விதவையின் பிள்ளை உண்டு, விவாகரத்தானவளின் பிள்ளை உண்டு, குடும்பம் கைவிட்டவளின் பிள்ளை உண்டு. மணமாகாத தாய் என்று நேராக ஒரு சொல் இல்லை. வீட்டார் அவளைத் துரத்திய பிறகுதான் அவள் தகுதி பெறுகிறாள். துரத்தாமல் சோறு போடும் ஏழை அம்மாவுக்கு இதில் தண்டனை. தீவு நிர்வாகம் இந்த இடைவெளியைத் தன் செலவில் அடைக்கலாம். இங்கே ஒரு வருஷத்தில் இப்படி வரக்கூடிய பெண்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஒரு சுற்றுலா விழாவின் பந்தல் செலவைவிட அது அதிகமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் இருந்தால், தயவுசெய்து அவளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு அவளோடு பேசுங்கள். அங்கன்வாடிக்குத் துணைக்குப் போங்கள். வயது குறைந்தவள் என்றால் 1098-ஐ அழையுங்கள், மற்றவர்களுக்கு 181. மேசையில் இருப்பவர் கணவனின் ஆதார் கேட்டால், 2022 முதல் அது கட்டாயமில்லை என்று அவள் சார்பில் நீங்கள் சொல்லுங்கள்.