கயிறு யார் கையில்?

கடலில் குதிப்பவன் பெரியவனா? படகில் நின்று கயிறு பிடிப்பவர் பெரியவரா?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. ஒருவன் காலைக் கல்லில் வைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். சுமார் ஒரு நிமிடம்தான். மூச்சு முட்டுவதற்குள் சிப்பிகளை அள்ளிப் பையில் போட வேண்டும். கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவர் உடனே இழுக்க வேண்டும்.

அவர் கண் அயர்ந்தால்? அவ்வளவுதான்!

கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. தன் தங்கையின் தாலி அல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது! ஆனால் உறவு மட்டும் போதுமா? பொறுமை வேண்டும். பதற்றப்படாத மனம் வேண்டும். அது வயதோடு வருவது.

சின்னத் தவறு, பெரிய தவறு

ஜெர்மனியில் மெர்சிடிஸ் பென்ஸ் லாரித் தொழிற்சாலை ஒன்றில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். வயதான தொழிலாளர்கள் செய்யும் தவறுகள் எண்ணிக்கையில் சற்று அதிகம். ஆனால் பெரிய நஷ்டம் தரும் தவறை அவர்கள் செய்வது மிக அரிது. அவசர நேரத்தில் எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியை லாரா கார்ஸ்டென்சன் இன்னொன்று சொல்கிறார். வயது ஏற ஏறக் கோபமும் கவலையும் குறைகின்றனவாம். 2020-ல் கொரோனா பரவியபோது அதிக ஆபத்து முதியவர்களுக்குத்தான். அப்போதும் இளைஞர்களைவிட அவர்கள் மனம் அமைதியாக இருந்தது என்று அவர் கண்டார்.

'அப்படியானால் எங்கள் வீட்டுத் தாத்தா ஏன் இப்படிக் கத்துகிறார்?' என்று சிலர் கேட்கலாம். எல்லாத் தாத்தாவும் ஒன்றல்லவே!

இளைஞன் மீது குற்றமா?

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். ஆனால் சங்கு குளிப்பது நிற்கவில்லை. இப்போது பலர் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவதில்லை. படகில் கம்ப்ரசர் ஓடுகிறது. குழாய் வழியாகக் காற்று போகிறது. நிமிடக் கணக்கு மணிக் கணக்கு ஆகிவிட்டது.

இங்கேதான் ஆபத்து. ஆழத்தில் வெகு நேரம் இருந்தால் காற்றில் உள்ள நைட்ரஜன் வாயு ரத்தத்தில் கரைந்துவிடும். சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் ரத்தத்தில் குமிழி கிளம்பும். மூட்டு வலிக்கும். கை கால் விழுந்துவிடலாம். உயிரே போகலாம்.

'இன்னும் ஒரு சங்கு' என்று இளைஞனின் மனம் துடிக்கிறது. அது பேராசை அல்ல. வீட்டில் கடன் இருக்கும். தங்கை கலியாணத்துக்கு நிற்பாள். போன வாரம் ஒன்றும் ஆகவில்லை, இந்த வாரமும் ஆகாது என்று நினைப்பது இளமையின் குணம். அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் கடலுக்குள் யார் இறங்குவார்கள்? ஆனால் நேரத்தைப் பார்க்கும் வேலையையும் அவனிடமே விடுவது சரியல்ல.

பெரியவரும் படிக்க வேண்டும்

பெரியவர் பக்கமும் ஒரு குறை உண்டு. 'நாங்கள் முங்காத கடலா?' என்பார். முங்கியது உண்மைதான். ஆனால் ஒரே மூச்சில் போய்த் திரும்பியவருக்கு மெல்ல மெல்ல ஏற வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கம்ப்ரசர் காற்றுக்குக் கணக்கு வேறு. எத்தனை ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம், மேலே வரும் வழியில் எங்கே நிற்க வேண்டும் என்பதை இன்று சின்னப் பையனிடம்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதில் வெட்கம் என்ன?

பெரியவரைப் படகில் ஏற்றுவதற்குச் சில முதலாளிகள் தயங்குவார்கள். 'கிழவருக்கு எதற்கு ஒரு பங்கு?' என்பார்கள். ஒரு வாலிபன் வாதம் வந்து பாயில் படுத்தால் அந்த வீட்டுக்கு என்ன செலவு என்று அவர்கள் கணக்குப் பார்க்கட்டும்.

படகுக்கு ஒரு பெரியவர். அவர் கையில் ஒரு கடிகாரம். மூழ்குபவனுக்குக் கிடைக்கும் அதே பங்கு அவருக்கும். அவர் 'ஏறு' என்றால் மறுபேச்சு இல்லாமல் ஏற வேண்டும். கீழே எத்தனை சங்கு கிடந்தாலும் சரி!